ஒன்பதாம் நிபந்தனை

2023 ஜூலை 26, புதன்கிழமை. சேரன்மகாதேவியில் விடியற்காலையிலிருந்து சாரல், மேல்காற்று பலம், வெயில் ஒன்பது மணிக்குத்தான் தலைகாட்டியது. அன்று காலை, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதப்பட்டிருந்த நான்காம் நிபந்தனை தாளை விட்டு இறங்கி, சுவர் வழியே எறும்புச் சாரையாக ஊர்ந்து, வாசற்படி தாண்டி, கன்னடியன் கால்வாயில் இறங்கிப் போய்விட்டது. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணிகளை ஒதுக்கி அதற்கு வழிவிட்டார்கள்.

அந்த நிபந்தனையை எழுதியவள் வித்யாலக்ஷ்மி. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரையின் கீழ், பதினாறு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிவந்தவள். அவள் எழுதியதில் ஒரு வரியும் அடித்து எழுதப்பட்டதில்லை. உணவு இடைவேளையில் கைப்பேசியில் தொடர்கதை வாசிப்பாள். எல்லாம் ஒரே வகை. சொத்துக்காகவோ குடியுரிமைக்காகவோ இரண்டு பெண்கள் பெயரளவில் மணம் செய்துகொள்வார்கள், நிபந்தனைகள் விதித்துக்கொள்வார்கள், அவை ஒவ்வொன்றாகத் தோற்கும். அந்தக் கதைகளில் எவரும் வாய் திறந்து முதலில் கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்காக அவசியமே கேட்டுவிடும். ஒரே கூரையின் கீழ் வாழ ஒரு காரணம் வாய்த்தபின், மனம் தன் வேலையை ஆற அமரச் செய்துகொள்ளும். முப்பத்தெட்டு வயதுவரை பிறர் கேட்டதையே எழுதிக்கொடுத்த வித்யாலக்ஷ்மிக்கு, தனக்கென்று ஒன்றைக் கேட்கும் பழக்கம் இருந்ததில்லை.

அதே தெருவில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அர்ஷியா, திசையன்விளைக்காரி, ஏழு வயது இளையவள். இருவரும் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். கால்வாய்க்கரையில் ஹமீது பீவியின் வீடு காலியாக இருந்தது. தனிப் பெண்களுக்கு வீடு கிடையாது, குடும்பத்துக்குத்தான் என்று அந்த அம்மாள் கதவை மூடப் போனபோது, "நாங்க குடும்பந்தான்" என்றாள் வித்யாலக்ஷ்மி. அப்படியானால் எழுதிக்கொடுக்கும்படி ஹமீது பீவி சொன்னார். ஜூன் 14 அன்று, வாடகை ஒப்பந்தங்களுக்குரிய வழக்கப்படி பதினொரு மாதத்துக்கு, இருவரும் ஒரு குடும்பமாக வாழச் சம்மதித்த பத்திரம் எழுதப்பட்டது. கதைகளில் கண்டவாறே ஒன்பது நிபந்தனைகள். ஒன்பதாவது, ஒருவர்மீது ஒருவர் பிரியம் கொள்ளலாகாது. மீறினால் ஒப்பந்தம் ரத்து, வீடு காலி.

அர்ஷியா வாசித்துவிட்டுச் சிரித்தாள். "பத்திரக்காரம்மா, கடேசியா இது என்னத்துக்கு? ஒங்கள யாரு கேட்டா?"

"எல்லாக் கதையிலயும் இருக்கும்."

"எல்லாக் கதையிலயும் அதுதான தோக்குது? மொத பக்கத்துலயே முடிவு தெரியுத கதைய எதுக்குப் படிக்கீங்க?"

"என்ன ஆகும்னு தெரியும். எப்பிடி ஆகும்னு பாக்கத்தான்."

நான்காவது, தனித்தனி அடுப்பு பற்றியது. வித்யாலக்ஷ்மி காய்ச்சலில் கிடந்தபோது அர்ஷியா தன் அடுப்பில் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மறுநாள் அந்த வரி போய்விட்டது. தன் பார்வையில்தான் கோளாறு என்று எண்ணி வித்யாலக்ஷ்மி கண்ணாடிக் கடைக்குப் போனாள். அர்ஷியா எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. நோவு தாளுக்குத்தான்" என்றாள். செப்டம்பரில், எப்போது திரும்புவாய் என்று வினவலாகாது என்ற இரண்டாவது போயிற்று. கட்டிலை வாரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்வது என்ற ஏழாவது, டிசம்பர் வெள்ளத்தில் போனது. முழங்கால் தண்ணீரில் இருவரும் அந்த ஒற்றைக் கட்டில்மேல் ஒன்றரை நாள் அமர்ந்திருந்தார்கள். அம்முறை எழுத்துகள் நடக்க வேண்டியிருக்கவில்லை. ஆறே வீட்டுக்குள் வந்து அழைத்துப்போனது. மற்றவையும் ஒவ்வொன்றாக இறங்கிப் போக, தை பிறந்தபோது ஒன்பதாவது மட்டும் எஞ்சியிருந்தது.

அதுவும் ஒரு காலையில் தாளின் விளிம்பில் கால்வைத்துவிட்டது. அது போனால் வீடும் போகும், அர்ஷியாவும் போவாள் என்பது அதை எழுதியவளுக்குத் தெரியாதா? வித்யாலக்ஷ்மி எழுத்துகளை விரலால் வழித்து இருந்த இடத்தில் வைத்து, அவற்றின் மேலேயே பேனாவை ஓட்டினாள். மறுநாளும் அவ்வாறே. நான்கு மாதங்களில் மூன்று புட்டி மை தீர்ந்தது. அர்ஷியாவுடன் பேச்சைக் குறைத்தாள். அவள் சிரித்தால் சன்னலைப் பார்த்தாள். பேச்சைக் குறைத்த நாட்களில் அந்த வரி இன்னும் வேகமாக ஓடியது.

2024 மே 13, திங்கட்கிழமை, கெடு முடிந்தது. ஹமீது பீவி புதுப்பிக்க வந்து அமர்ந்தார். அர்ஷியா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்பதாவது வரி கம்பளிப்பூச்சிபோலத் தடித்திருந்தது.

"இது எத்தன மட்டம் எழுதுனது?"

வித்யாலக்ஷ்மி மைப்புட்டியின் மூடியைத் திருகினாள்.

"தெரிஞ்சுகிடணும். மீறுனது நானா, நீங்களா?" என்றாள் அர்ஷியா.

"நாந்தான்" என்றாள் வித்யாலக்ஷ்மி. "தையிலேருந்து. தெனமும் ஓடுது, தெனமும் புடிச்சு வைக்கேன். நீ போயிருவியோன்னு பயம், ஏட்டி."

"கார்த்திகையிலேருந்து நானும் ஒரு நாளு சொல்லுவீங்க, ஒரு நாளு சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அர்ஷியா. "கைய எடுங்க. போகட்டும் அது."

வித்யாலக்ஷ்மி கையை எடுத்தாள். வரி மேசைக்கால் வழியே இறங்கியது. நான்கு மாத மையைச் சுமந்ததால் பைய நடந்தது. ஹமீது பீவி சேலையைச் சற்றுத் தூக்கி, கால்களை நாற்காலிமேல் மடக்கிக்கொண்டார்.

"நிபந்தனை ஒண்ணுகூட இல்லியே பிள்ளையளா" என்றார்.

"இல்லம்மா" என்றாள் வித்யாலக்ஷ்மி. "ஆனாலும் வீடு எங்களுக்கு வேணும். சேந்து இருக்கணும்." தனக்கென்று அவள் கேட்ட முதல் காரியம் இது.

ஹமீது பீவி வெறுந்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வீட்டுல முன்னால குடியிருந்த புருசன் பொண்டாட்டிக்கு எல்லா நிபந்தனையும் அப்படியே இருந்துச்சு. ஒரு நாளு சிரிச்சு நான் கேக்கல" என்றார். பேனாவை வாங்கி அடியில் கையெழுத்திட்டார். கோடை காரணமாகக் கால்வாயில் தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஒன்பதாம் நிபந்தனை வறண்ட கால்வாயைக் குறுக்கே கடந்து, வயல் வரப்பில் ஏறி, தாமிரபரணிக்கே நடந்து சென்றது. அது நீரில் இறங்கியபோது முற்பகல் மணி பதினொன்று பதினேழு.