தே-ரிமுக்கு ஒரு மலர்வளையம்

கொரியாவில் வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்களாம். மகாலட்சுமி இதை என்னிடம் சொன்னபோது அவள் கண்கள் அகல விரிந்திருந்தன. பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால்தான் கொடுப்பார்களாம். மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம், அக்கா என்றுதான் சொல்வார்களாம். "எனக்கு செம கல்ச்சர் ஷாக்குக்கா," என்றாள். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் பிறந்து வளர்ந்தவள் பேசுகிற பேச்சு இது. அவள் வீட்டில் என்னவோ எல்லாரும் ஷூவோடு படுத்துத் தூங்குகிற மாதிரி.

தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் கஃபே இருக்கிறது. என் வீட்டுக்காரர் பிலோமின்ராஜ் தோஹாவில் ஹோட்டல் கிச்சனில் வேலை பார்த்தவர். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சலாம் போட்டுப் போட்டு வெறுத்துப்போய், "இனி எவனுக்கும் குனியமாட்டேன் ஜென்சி, நம்ம கடையில நிமிந்து நிப்பேன்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். அப்படித்தான் இந்தக் கடை வந்தது. திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மகாலட்சுமி ஒரு கொரியப் பாட்டுக் கோஷ்டியின் திருச்சி ரசிகர் குழுவுக்குத் தலைவி. குழுவில் முக்கால்வாசி காலேஜ் பெண்கள். கூட்டமாக வந்து ஆளுக்கொரு காபி சொல்வார்கள். காபி வந்ததும் குடிக்கமாட்டார்கள். பர்ஸிலிருந்து, அந்தக் கோஷ்டியில் பாடுகிற தே-ரிம் என்ற பையனின் படம் போட்ட சின்ன அட்டையை எடுத்துக் கோப்பை பக்கத்தில் நிறுத்தி, சாய்த்து, திருப்பிப் படம் எடுப்பார்கள். அதற்குள் காபி ஆறிப்போகும். பிறகு என்னிடம் வந்து காபி ஆறிவிட்டது என்பார்கள்.

அந்தத் தே-ரிம் யாரோ ஒரு பெண்ணோடு ஹோட்டலில் சாப்பிட்டதை எவனோ படம் பிடித்துப் போட்டுவிட்டானாம். அதற்காக அவன் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி வெளியிட்டானாம்.

"சாப்பிட்டதுக்கா?" என்றேன்.

"அக்கா, உங்களுக்குப் புரியாது. அங்க ஃபேன்ஸ்தான் அவங்களுக்கு எல்லாம். ஃபேன்ஸ் மனசு நோகக் கூடாது. எங்களுக்கும் முதல்ல ஷாக்காதான் இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு."

பழகிவிட்டதாம். இவள் ஒரு பையனோடு பைக்கில் காவிரிப் பாலம் தாண்டியதை இவள் சித்தப்பா பார்த்து வீட்டில் சொன்னபோது, இதே நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த ஊர் உருப்படாதுக்கா" என்று மூக்கைச் சிந்தியவள் இவள். ஊர் செய்தால் அநியாயம், கொரியா செய்தால் கல்ச்சர்.

தே-ரிமின் பிறந்தநாள் வந்தது. அங்கெல்லாம் ரசிகர்கள் ஒரு கஃபேயைப் பிடித்து, சுவரெல்லாம் படம் ஒட்டி, வராத பையனுக்குக் கேக் வெட்டுவார்களாம். அதை எங்கள் கடையில் செய்யப் போவதாகச் சொன்னாள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை, முதல் பெரிய ஆர்டர். நானும் சரி என்றேன். பிறகு போனை நீட்டி ஒரு படம் காட்டினாள். ஆளுயர மலர்வளையம், மூன்று அடுக்கு, முழுக்க வெள்ளைச் செவ்வந்தி. இரண்டு பக்கமும் கறுப்பு எழுத்தில் கொரிய ரிப்பன். சியோலில் அவன் கம்பெனி வாசலில் ரசிகர்கள் வைத்ததாம்.

"இதே மாதிரி ஒண்ணு வாசல்ல நிக்கணும்கா."

"ஏம்மா, இது சாவுக்கு வைக்கிறதும்மா."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சிரிப்பு. "அக்கா, அது உங்க கல்ச்சர். அங்க நல்லதுக்கும் வளையம்தான் அனுப்புவாங்க. கொஞ்சம் ஓப்பன் மைண்டா இருங்க."

மனதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறந்தநாளன்று காலை சாத்தார வீதிப் பூக்கடைக்காரர் வளையத்தை லோடு ஆட்டோவில் கொண்டு வந்தார். வாசலில் தே-ரிமின் படம், சுற்றிச் சரவிளக்கு, முன்னால் மெழுகுவத்தி. பார்த்த உடனே அவர் செருப்பைக் கழற்றினார். வளையத்தைப் படத்துக்குக் கீழே பதமாகச் சாத்திவிட்டுக் கைகூப்பி நின்றார். பிறகு என் பக்கம் வந்து மெல்ல, "என்ன வயசுங்க?" என்றார்.

"இருபத்தாறு."

"ச்ச்ச். பெத்தவங்க இருக்காங்களா?"

எதிர்வீட்டு ரோஷன் பேகம் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "யாரும்மா, ராஜ் தம்பிக்குச் சொந்தமா? இன்னா லில்லாஹி..." என்று சாவுச் செய்திக்குச் சொல்கிற வார்த்தையை ஆரம்பித்துவிட்டார். பேகத்துக்கு விளக்கம் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளே பெண்கள் கேக் வெட்டிக் கைதட்டிக் கொண்டிருந்தார்கள். தெரு பூராவும் வாசலில் நின்று எங்களை ஒரு மாதிரி பார்த்தது.

தெரு பார்த்தது பரவாயில்லை. மகாலட்சுமி வளையத்தோடு நின்று படம் எடுத்து உலகத்துக்கே அனுப்பிவிட்டாள்.

சாயந்திரத்துக்குள் கொரியாவிலிருந்து பதில் வந்தது. அந்த வளையம் அங்கேயும் சாவு வளையம்தான். நல்லதுக்கு வைப்பது வேறு, கலர் கலராக இருக்கும். வெள்ளைச் செவ்வந்தி பிணத்துக்கு. பெண்ணோடு சாப்பிட்டான் என்ற கோபத்தில் ஒரு கூட்டம், 'நீ செத்தாய்' என்று காட்ட அவன் கம்பெனி வாசலில் கொண்டுபோய் வைத்த வளையம் அது. ரிப்பனில் இருந்தது, 'உன் பாட்டு வாழ்க்கைக்கு எங்கள் அஞ்சலி.' இவள் அதை எழுத்து மாறாமல் ஃபிளெக்ஸ் கடையில் அடித்து, பிறந்தநாளன்று அவன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். இரண்டு ஊர்க் கல்ச்சரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. நடுவில் நின்ற இந்த அறிவாளிக்குத்தான் விளங்கவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சிரித்தேன்.

மறுநாள் யாழினி போன் பண்ணினாள். துவாக்குடியில் ஹாஸ்டலில் இருக்கிற பெண், குழுவில் புதிது. குரல் இறங்கியிருந்தது. "அக்கா, மகா அக்கா ஒரு போஸ்ட் போட்டிருக்காங்க. வளையம் வச்சது கஃபேக்காரங்க, எங்களுக்குத் தெரியாது, எங்க மனசும் நொந்துபோச்சுன்னு. உங்க கடை பேரைப் போட்டிருக்காங்கக்கா."

போன் மேப்பில் எங்கள் கடையைத் திறந்து பார்த்தேன். பிரேசில், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இன்னும் எங்கெங்கோ இருந்து ஒற்றை நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. தில்லைநகர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் எங்கள் காபியில் புழு இருந்ததாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே இருக்கிற ஆபீஸ்காரர்களும் ஆர்டரை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் மாவைப் பிசைந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கொண்டிருந்தார்.

மகாலட்சுமி வந்தாள். கெஞ்ச வந்தாள் என்று நினைத்தேன். யோசனை சொல்ல வந்திருக்கிறாள்.

"அண்ணா, கைப்பட ஒரு மன்னிப்பு எழுதி, வீடியோல படிச்சு, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு ஒரு வணக்கம் போட்டா எல்லாரும் ஏத்துக்குவாங்க. அங்க அதான் முறை. நான் எழுதித் தரேன், நீங்க பார்த்து எழுதினா போதும்."

"வளையத்தைச் சொன்னது நீ," என்றேன்.

"அக்கா, என் அக்கவுண்ட்ல எவ்வளவு ஃபாலோயர்ஸ் இருக்காங்கன்னு தெரியுமா? நான் இத்தனை வருஷமா கட்டிக் காப்பாத்துனது. உங்களுக்கு என்ன, கடைதானே?"

கடைதானே. அவளை அப்படியே வெளியே பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். அதற்குள் என் வீட்டுக்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். "விடு ஜென்சி. ஒரு நிமிஷம் குனிஞ்சா கடை நிக்கும்னா குனிஞ்சிட்டுப் போறேன்."

அவள் சொல்லிக் கொடுத்தாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகு கூனாமல் இடுப்பிலிருந்து வளைய வேண்டும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு மெல்ல நிமிர வேண்டும். முதல் தடவை சரியாக வரவில்லை, மறுபடி குனியச் சொன்னாள். மறுபடி குனிந்தார். நான் கிச்சனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

மன்னிப்பு பிரமாதமாக எடுபட்டது. 'என்ன உண்மையான மனிதர்' என்று புழுவைப் பார்த்தவர்களே அழுது எழுதினார்கள். ஒற்றை நட்சத்திரம் எல்லாம் ஐந்தாக மாறியது. சாப்பிடாமல் திட்டியவர்கள் சாப்பிடாமல் புகழ்ந்தார்கள். கூட்டம் வர ஆரம்பித்தது.

அடுத்த மாதம் கோஷ்டியில் வேறொருத்தனுக்குப் பிறந்தநாள். தஞ்சாவூர், மதுரையிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் தட்டு நிறைய முட்டை பப்ஸ் எடுத்துக்கொண்டு போனார். ஒருத்தி துள்ளினாள்.

"ஹே, மன்னிப்பு அண்ணா இவருதான்! அண்ணா, ப்ளீஸ் அண்ணா, அந்த வீடியோ மாதிரி ஒரு தடவை குனியுங்களேன், ரீல் எடுத்துக்கிறோம்."

எல்லாப் போனும் மேலே எழும்பியது. மகாலட்சுமி சிரித்தபடி, "பண்ணுவாரு, பண்ணுவாரு, ஸ்வீட்டான அண்ணா," என்றாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டை மேஜையில் வைத்தார். கை இரண்டையும் தொடையோடு ஒட்ட வைத்தார்.

"குனியாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் பாட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். நேராக மகாலட்சுமி முன்னால் போய் நின்றேன்.

"நீ குனி. வளையம் சொன்னது நீ, பழியைப் போட்டது நீ. எங்க மனசும்தான் நொந்துபோச்சு. எல்லாரும் போனைத் தூக்கித்தானே வச்சிருக்காங்க, எடுக்கட்டும். எங்க வீட்டுக்காரர் முன்னாடி கையை ஒட்ட வச்சு, முறைப்படி குனி. அப்புறம் உக்காந்து கேக் வெட்டு."

அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "என்னக்கா இது, எல்லார் முன்னாடியும்... எங்க வீட்ல பார்த்தா..." என்றாள்.

"இவருக்கு வீடு இல்லையா?"

யாழினி மட்டும், "மகா அக்கா, சொல்லிடுங்கக்கா," என்றாள் மெல்ல. மகாலட்சுமி பையை எடுத்தாள். "கடை இன்னையோட முடிஞ்சுது, பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். குனியவில்லை. கூட்டமும் அவள் பின்னாலேயே போனது, போகும்போதே போனில் தட்டிக்கொண்டு. நட்சத்திரங்களைப் பிடுங்குகிறார்கள் என்று தெரிந்தது. பிடுங்கட்டும். ஜென்மத்துக்கும் எனக்கு அது வேண்டாம்.

"பப்ஸ் அவ்வளவும் மிச்சம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"தெருவுக்குக் கொடுப்போம். நீங்க நிமிந்து நில்லுங்க, அது போதும்."

சிரிக்கப் பார்த்தார். அப்போது ரோஷன் பேகத்தின் மகன் சர்ஃபராஸ் வழக்கம்போல டீ குடிக்க உள்ளே வந்தான், இவரைவிடச் சின்னவன். இவர் "வாங்க தம்பி" என்றார். சொல்லும்போதே கை இரண்டும் தொடையோடு ஒட்டின, முதுகு தானாக வளைந்தது. அவருக்கு அது தெரியவில்லை.