நல்ல வெள்ளம்

கிணற்று வேலிக்கு வெளியே, தென்னைமூட்டில் குடத்தை வைத்துவிட்டு நேசபாய் நின்றாள். பெரியவீட்டு வேலைக்காரி பகவதி கிணற்றிலிருந்து வெள்ளம் கோரி மாட்டுத்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி நிறைந்தால்தான் வெளியே நிற்கிறவர்களுக்கு. அதுவும் பகவதி ஊற்ற வேண்டும்; வாளியையோ கயிற்றையோ நேசபாய் தொடக் கூடாது. அவள் குடும்பம் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கிணறு இன்னும் சேரவில்லை.

காயலோரத்தில் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். ஆனால் பக்கத்திலேயே, கயிறு திரிப்பதற்காகப் பெரியவீட்டார் தேங்காய் மட்டையை, கதம்பையை, சேறு மூடி அழுகப் போட்ட காயல் குழிகள். ஊற்று வெள்ளம் கறுத்து, கூமுட்டை நாற்றம் நாறும். சுகமுள்ளவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். அந்தக் குழிகளில் இறங்கி வேலை செய்கிற அவள் புருஷன் ரசலையனுக்கு இப்போது ஒரு மடக்கு இறங்கினாலே ஓங்கரித்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் அவனுக்கு விலாவுக்குக் கீழே கீறிச் சிறுநீரகக் கல்லை எடுத்திருந்தார்கள். அனுப்பும்போது நர்ஸம்மா படித்துப்படித்துச் சொன்னாள். நல்ல வெள்ளத்தைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, நிறையக் குடிக்க வேண்டும். அதிலேயே புண்ணையும் துடைக்க வேண்டும். புண் மூடும்வரை காயலில் இறங்கக் கூடாது. அழுக்கு ஏறினால் உள்ளே சலம் கட்டிச் சீழ் பிடித்துவிடும், அப்புறம் கர்த்தர் விட்ட வழி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பகவதி தினமும் ஒரு குடம் ஊற்றினாள். ரசலையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். புண்ணின் ஓரம் காய்ந்து வந்தது. நேசபாய்க்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்று பகவதி தொட்டியை நிறைத்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். காரியஸ்தர் தாணுலிங்கம் வந்தார்.

"உனக்க மாப்பிள எப்ப எறங்குதான்?"

"புண்ணு மூடல ஏமானே. எறங்கப்பிடாதுண்ணு ஆஸ்பத்திரில சொல்லியிருக்கு."

"அவன் மூடுன குழி, அவன்தான் தோண்டி எடுக்கணும். கயித்து யாவாரிக்க வள்ளம் வந்து காத்துக் கெடக்கு."

"நான் எறங்குதேன்."

"நெஞ்சளவு வெள்ளம். நீ எறங்கி என்னத்த எடுப்ப?" அவர் குரலை உயர்த்தவில்லை. "வேலைக்கு வாறவனுக்குக் கெணறு. வராதவனுக்கு ஊத்து. பெரியவீட்டு உத்தரவு."

"அந்த வெள்ளம் அவருக்க புண்ணுக்குத்தான் ஏமானே."

"அதத்தான் நானும் சொல்லுதேன். அவன எறங்கச் சொல்லு. ஒண்ணுக்கு ரெண்டு கொடம் கொண்டு போ."

நேசபாய் ஊற்று வெள்ளத்தைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தாள். நாற்றம் போகவில்லை. குடித்ததையெல்லாம் ரசலையன் கக்கினான். மறுநாள் அவனுக்கு நீர் சொட்டுச்சொட்டாக, சிவந்து போயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான்.

"ஏட்டி, கெணத்து வெள்ளம் கிட்டணுமிண்ணா காயல்ல முங்கணும். கொள்ளாம், இது ரெண்டாவது ஞானஸ்நானம்."

"வெளையாடாதீங்க. நீங்க எறங்கப்பிடாது."

"பின்ன வெள்ளத்துக்கு எங்க போவ?"

அவள் வாழையிலையை அனலில் வாட்டிப் புண்ணின் மேல் வைத்து, தன் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிச் சுற்றினாள்.

அவன் குழியில் இறங்கினான். மேலே போட்டிருந்த சேற்றைக் கையால் அள்ளி ஒதுக்க, கறுப்பாகக் குமிழி கிளம்பி உடைந்தது. குனிந்து குனிந்து கதம்பையை உருவிக் கரைக்கு எறிந்தான். கட்டு நனைந்து கழன்று, வாழையிலை தனியாக மிதந்தது. பாதிக் குழி ஒழிந்தபோது அவனைக் கைதூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

சாயங்காலம் பகவதி இரண்டு குடம் ஊற்றினாள். காரியஸ்தர் சொன்ன சொல் தவறவில்லை. கொதித்து ஆறிய வெள்ளத்தை ரசலையன் செம்போடு குடித்தான்.

"இதுல்லா வெள்ளம்" என்றான்.

இரண்டு நாளில் குளிர்காய்ச்சல் கண்டது. புண் வாய் திறந்து சலம் வடிந்தது. பக்கத்து வீட்டு மத்தியாஸ் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலைத் தூக்க ஆள் கூட்டி வருவதற்குள் ரசலையனுக்கு மூச்சு அடங்கிவிட்டது.

காரியஸ்தர் வேலிவரை வந்தார். "குளிப்பாட்டணும்லா. பெரியவீட்டுல சொல்லியாச்சு. வேணுங்குற மட்டும் கோரிக்கிடலாம்."

பகவதி முகம் பாராமல் கோரி ஊற்றினாள். மாடுகள் தொட்டியருகே காத்து நின்றன. குடங்கள் நிறைய நிறைய மத்தியாஸ் சுமந்து போனான்.

நேசபாய் அடுப்பை மூட்டினாள். பானை நிறைய வெள்ளத்தை ஊற்றிக் கொதிக்க வைத்தாள். ஆறட்டும் என்று அதை மூடி வைத்துவிட்டு, புண் துடைக்கிற துணியைத் தேடினாள்.