போர்டின் வலது ஓரம்

விடைத்தாள்களைத் திருத்தத் திருத்தப் புள்ளியியல் பேராசிரியைக்குப் புருவம் உயர்ந்துகொண்டே போனது. கல்லூரிக்கு வந்து படிப்பவர்கள் திட்ட விலக்கக் கணக்கை ஒழுங்காக முடித்திருந்தார்கள். அதே வகுப்பை வீட்டிலிருந்து ஆன்லைனில் பார்த்துப் படித்து, தேர்வையும் அங்கிருந்தே எழுதியவர்கள் அத்தனை பேரும் கடைசி வரியில் வர்க்கமூலம் எடுக்காமல் விட்டிருந்தார்கள். சொல்லி வைத்தாற்போல் ஒரே இடத்தில் ஒரே தப்பு.

"இதுல என்னம்மா ஆராய்ச்சி? காப்பிதான்," என்றார் துறைத்தலைவர். "அந்தக் கறுப்புக் கட்டம்தான் கூட்டத்துக்குத் தலைவியா இருக்கும். புகார் எழுதிடுங்க."

கேமராவைத் திறக்கவே திறக்காத ஒரு மாணவிக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் அது. கைக்குழந்தைக்காரி. வீட்டில் மன்றாடிப் படிக்க வந்தவள். புகார் போனால் அவள் படிப்பு அதோடு முடிந்தது.

பேராசிரியைக்கும் கோபம்தான். ஆனாலும் ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்தது. காப்பியடிக்கிறவர்கள் சரியான விடையை அல்லவா அடிப்பார்கள்?

மறுநாள் அதே மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்து, வகுப்புத் தலைவனைப் போர்டுக்கு அழைத்தார். "நான் எப்படிப் போடுவேனோ அப்படியே போடுப்பா. இதோ வந்துடறேன்." பக்கத்து அறையில் போய் உட்கார்ந்து, கைபேசி வழியாகத் தன் வகுப்புக்குள் தானே மாணவியாக நுழைந்தார்.

அவன் இடப்பக்கம் தொடங்கினான். தெளிவாகத் தெரிந்தது. எழுதிக்கொண்டே வலது ஓரத்துக்குப் போனான். திரையில் அவன் சட்டைக் கை மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு அதையும் காணோம். குரலும் தேய்ந்துவிட்டது. கடைசி வரியில் வர்க்கமூலம் எடுத்தானா, இல்லையா?

"தம்பி, போர்டு தெரியலை!" என்று கத்தினார். யாரும் திரும்பவில்லை. வீட்டுச் சத்தமெல்லாம் வகுப்புக்குத் தொந்தரவு என்று, பாடத்தை ஒளிபரப்பும் மடிக்கணினியின் ஸ்பீக்கரை அணைத்து வைத்தவரே அவர்தான். சாட்டில் எழுதிப் போட்டார். அதை யார் பார்க்கிறார்கள்? அவரே ஒருநாளும் பார்த்ததில்லை.

கறுப்புக் கட்டத்திலிருந்து பதில் வந்தது: "எங்களுக்கும் தெரியலை மேடம். தினமும் இப்படித்தான். எழுதி எழுதிப் பார்த்துட்டோம்."

பேராசிரியைக்கு வெட்கமாக இருந்தது. வகுப்புக்கு விரைந்தார். போர்டு முழுக்கத் தெரியும்படி மடிக்கணினியை நகர்த்தினார், ஸ்பீக்கரைப் போட்டார். உடனே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. வகுப்பே சிரித்தது.

துறைத்தலைவர் வாசலில் எட்டிப் பார்த்தார். "புகார் எழுதியாச்சா?"

"எழுதறதா இருந்தா என் மேலதான் சார் எழுதணும். கண்ணெதிர்ல இருக்கறவங்க தலையாட்டினா எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். எட்ட இருக்கறவங்க வாயை நாமளே அடைச்சுட்டு, அப்புறம் அவங்களைத் திருடங்கன்னு சொல்றது என்ன நியாயம்? குத்தம் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு தடவையாவது அவங்க இடத்துல போய் உட்கார்ந்து பார்க்கணும் சார்."

பிறகு திரையைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல இருக்கறவங்க முதல்ல சொல்லுங்க. வலது ஓரம் தெரியுதா?"

குழந்தையின் அழுகைக்கு நடுவே ஒரு குரல் வந்தது. "இப்பத் தெரியுது மேடம்."