பை சுமந்தவர்

"அப்பா, பத்து மணிக்குள்ள அம்மா போட்டோ குடுத்தாத்தான் கடைக்காரர் பிரேம் போட்டுத் தருவாராம்" என்று மகள் மூன்றாவது முறையாக வந்து சொன்னபோது, அவர் மனைவியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் வீட்டுக் கல்யாணங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடக் கல்யாணங்கள். மணமக்கள், முறைத்துக்கொண்டு நிற்கும் சம்பந்திகள், மேடையிலேயே தூங்கிப்போன குழந்தைகள், எல்லாரும் இருந்தார்கள். படம் எடுத்தவள் மட்டும் எதிலும் இல்லை. ஒரே ஒரு நிலைக்கண்ணாடியில் தெரிந்தாள். அதிலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா.

அவள் முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தாள். நேற்று வெளியே கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தபால் அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மனைவிக்குப் பின்னால் போவார். இரண்டு பெரிய கேமரா, குழாய் போல நீண்ட லென்ஸ், ஃபிளாஷ், ஸ்டாண்டு எல்லாம் அடைத்த பை அவர் தோளில். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவாள். கேட்காமலே வேண்டிய லென்ஸ் உள்ளங்கையில் வந்து உட்காரும். மண்டபத்தில் அவரை "லைட்பாய் அண்ணே, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவார்கள். அவரும் திருத்தாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. கனமானதைக் கையால் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, சின்னதாக ஒன்று வாங்கி வந்தாள்.

"இதுலயும் லென்ஸ் மாத்தலாம். ஆனா பாருங்க" என்று கைப்பைக்குள் போட்டு மூடிக் காட்டினாள்.

"பொம்மை மாதிரி இருக்கு."

"பெரிசைத் தூக்கினாலே எல்லாரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. இதை யாரும் கண்டுக்கறதே இல்ல. இனிமே கல்யாணம் வேண்டாம். சும்மா தெருத்தெருவா நடக்கலாம், வாங்க."

"தூக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. நான் எதுக்கு?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. சனிக்கிழமைதோறும் கூப்பிட்டாள். அவருக்கு ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் பேப்பர் படித்து முடியவில்லை. பிறகு அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அவர் வீம்பை விடவில்லை.

கடைசியில் மகள்தான் கைப்பையிலிருந்து அந்தக் கேமராவை எடுத்து வந்தாள். கண்ணை மூடிக்கொண்டே லென்ஸ் எடுத்துக் கொடுத்த அவர் கைக்கு, இதை எங்கே அமுக்கி உயிர்ப்பிப்பது என்று தெரியவில்லை. மகளே அமுக்கிக் கொடுத்தாள்.

அவருக்குத் தெரியாத தெருக்கள். பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் ஒருவர். சைக்கிள் கடைக்காரரின் கிரீஸ் படிந்த விரல்கள். யாருமே விறைத்துக்கொண்டு நிற்கவில்லை. தள்ளிக்கொண்டே வந்தவரின் விரல் நின்றது. அவள்! ஒரு தையல் மெஷின் பக்கத்தில், கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் கோணலாக இருந்தது. ஓரத்தில் யாருடைய விரல்நுனியோ விழுந்திருந்தது.

"இது யாருப்பா எடுத்தது?"

"தெரியலம்மா" என்றார்.

பிரேம் வந்து அரை மணி நேரத்துக்கெல்லாம், கழுத்திலிருந்து அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்த ஒருத்தி அந்தப் படத்தின் முன்னால் நின்று தேம்பினாள்.

"நான்தான் சார் எடுத்தேன். கையில குடுத்து, இங்க அமுக்கு, போதும்னாங்க. விரல் விழுந்துடுச்சு."

"அவ அங்க வருவாளா?"

"சனிக்கிழமை தவறாது. நாலு மணி பஸ்ல வந்து இறங்குவாங்க. எங்க தெருவுல அக்காவைத் தெரியாதவங்க கிடையாது. நேத்து வரல. அப்புறம்தான் ஆள் வந்து சொன்னாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?"

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இன்னிக்கும் அவர் வரல, அடுத்த வாரம் எப்படியாவது இழுத்துட்டு வந்துடறேன்னு சொல்லுவாங்க."

"எப்போ சொன்னா?"

"வாராவாரம்தான் சார். போன வாரங்கூட."

பாடையைத் தூக்க நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் போய் முன்பக்கம் தோள் கொடுத்தார். "உங்களால முடியாது, விடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். அவர் விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் மகள் ஊருக்குத் திரும்பினாள். சனிக்கிழமை, நாலு மணி பஸ்ஸில் அவர் ஏறினார்.

"எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

அந்தத் தெருவின் பெயரைத் தையல்காரியிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கடைசி வரைக்கும் குடுங்க."

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே போனார்.