முன்பிருந்த பெயர்கள்

"முன்பு வேறு பெயர் இருந்ததா?" என்ற வரியைப் படிவத்தில் சேர்த்தது ட்ரீசாதான். மேற்கு வர்ஜீனியா மலைக்குள் இருந்த அந்த முதியோர் இல்லத்தில், ஊழியர் பெயர்களையும் சரக்குப் போடுகிறவர்கள் பெயர்களையும் மாதாமாதம் அரசின் விலக்குப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. பட்டியலில் இருப்பவருக்கு அரசு மருத்துவப் பணத்திலிருந்து ஒரு காசு போகக் கூடாது. சுரங்கக்காரர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். தனக்கு முன் இருந்தவர்கள் ஒழுங்காகத் தேடவே இல்லை என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

சலவையறை வெர்லீன் அந்த வரியில் உண்மையை எழுதிக் கொடுத்தாள். முதல் புருஷன் பெயரோடு தேடியதும் அகப்பட்டுவிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கத்து மாநிலத்தில் நர்ஸ். போதைக்காக ஆஸ்பத்திரி வலி மாத்திரையை எடுத்தாள், லைசென்ஸ் போனது, பட்டியலில் ஏறினாள்.

ட்ரீசா கீழே சலவையறைக்குப் போனாள்.

"என்ன கண்ணு, ஆபீஸ் மகாராணி இங்க? சட்டையில காபி கொட்டிக்கிட்டியா?"

"மிஸ் வெர்லீன், உங்க பேரு பட்டியல்ல இருக்கு."

"அது என்னைக்கோ முடிஞ்சு போச்சே. மூணு வருஷத்துல லைசென்ஸையே திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்தக் கடுதாசி பைபிளுக்குள்ள இருக்கு."

"அது மாநிலம் குடுத்தது. வாஷிங்டன்ல மத்திய அரசு வெச்சிருக்கிற பட்டியல்லேர்ந்து பேரு தானாப் போகாது. எடுங்கன்னு நீங்க தனியா எழுதிக் கேட்டிருக்கணும்."

"யாரும் சொல்லல."

"முதல்ல வந்த கடிதத்துல போட்டிருப்பாங்க."

"அப்ப நான் இருந்த இருப்புக்கு எந்தக் கடுதாசியப் பிரிச்சேன்?" வெர்லீன் போர்வை ஒன்றை உதறினாள். "நான் இப்ப நர்ஸ் இல்லியே. துணி மடிக்கிறேன். போர்வையத் தின்னா போதை வருமா?"

"மடிக்கிறதும் சேர்த்திதான். உங்க சம்பளமும் அதே பணம்."

நோயாளிப் படுக்கை விற்று அரசை ஏமாற்றிப் பட்டியலில் ஏறுகிறவன் மறுவாரமே வேறு பெயரில் கடை போடுவான். அவனுக்கு வக்கீல் உண்டு. வெர்லீனுக்கு ட்ரீசாதான் அன்று மாலை மனு எழுதிக் கொடுத்தாள். பதில் வர ஆறு மாசம் ஆகலாம். வேலையை அதுவரை வைத்திருக்க முடியாதென்று நிர்வாகி முன்பே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் நிலையம் என்று ஊரில் மிச்சமிருந்த வேலையெல்லாம் அதே பணத்தில்தான் ஓடின.

"எங்க வீட்டுக்காரரு டேலோட ஆக்சிஜன் இந்த வேலை இன்சூரன்ஸ்ல வருது," என்றாள் வெர்லீன்.

"மாசக் கடைசி வரைக்கும் இருக்கும்."

"இன்னைக்கு இருபத்தாறு."

ட்ரீசா மனுவில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள்.

"சரி, இந்த டிரையர் நின்னதும் மடிச்சு வெச்சிட்டுப் போறேன்."

"கூடாது, மிஸ் வெர்லீன்."

வெர்லீன் கையிலிருந்த போர்வையை அப்படியே மேஜையில் போட்டாள். "அந்த வரிய எதுக்குக் கண்ணு வெச்ச?"

விதி எண் ட்ரீசாவுக்கு மனப்பாடம். மேஜையிலிருந்த போர்வையை எடுத்து மடித்து வைத்தாள்.

அடுத்த மாதம் புதுப் படிவங்கள் வந்தன. அந்த வரியில் எல்லோரும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார்கள். சமையலறை ரோண்டாவும்தான். ரோண்டாவின் பெயர் மாறிய மூன்று கல்யாணத்திலும் கேக் தின்றவள் ட்ரீசா.

ரோண்டாவின் இப்போதைய பெயரை மட்டும் தட்டினாள். 'பொருத்தம் இல்லை' என்று வந்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சொருகினாள். டேலுக்கு ஆக்சிஜன் நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது.