பேசினால் ஏறும் முள்

சித்தப்பாவை எங்கள் வீட்டில் வானொலி என்றுதான் சொல்வோம். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

அவரும் அப்பாவும் ஒரே தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்தார்கள். அங்கே அவசர வழியை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். தீப்பிடித்தால் எல்லோரும் உள்ளேயே வேக வேண்டியதுதான். அரசு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாமென்று தையல்காரர்கள் சிலர் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். "அவசரப்படாதீங்கப்பா, பிள்ளைகுட்டிக்காரங்க நாம" என்று சித்தப்பா மட்டும் தடுத்தார்.

மறுநாளே அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும், அப்பாவுக்கும்கூட, வேலை போனது, சித்தப்பாவைத் தவிர. வேறென்ன வேண்டும்? காட்டிக்கொடுத்தவர் இவர்தான் என்று ஆகிவிட்டது.

"நல்லா யோசிச்சுப் பாருடா. யார்கிட்ட உளறின?" என்று அப்பா பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

"இல்லண்ணே, சத்தியமா இல்லண்ணே."

கொஞ்ச நாளில் அப்பா கேட்பதை நிறுத்தினார். பேச்சையும் நிறுத்தினார். சித்தப்பா தானாகவே வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டில் முடங்கினார். வாய் நீளம்தான், ஆனால் துரோகம் செய்கிற ஆளா அவர்?

நான் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் செய்பவள். சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்குகிறது என்று அப்பாவின் போன் போன வாரம் என் மேஜைக்கு வந்தது. ஃபேக்டரி எல்லோருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்த மலிவு போன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, போன் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று காட்டும் மீட்டர் வழியாக நேரே கரன்ட் கொடுத்தேன். திரை அணைந்திருந்தால் மீட்டர் முள் அடியில் கிடக்க வேண்டும். கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர் வந்து ஸ்க்ரூடிரைவர் கேட்டார். முள் எழுந்தது. அவர் போனதும் படுத்துக்கொண்டது.

"என்னடா இது?" என்றேன். மறுபடி எழுந்தது.

கோபத்தில் அந்தச் சனியனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட முள் ஏறியது. உள்ளே தோண்டினால், கடிகாரம் என்ற பெயரில் ஒரு செயலி ஒளிந்திருந்தது. பேச்சுக் குரல் கேட்டால் விழித்துக்கொண்டு பதிவுசெய்து ஃபேக்டரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அடப்பாவிகளா! சித்தப்பா தடுத்துப் பேசியதும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் அவரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என் தம்பிம்மா அவன்" என்று மட்டும் சொன்னார். அதற்கும் முள் எழுந்தது. இருவரும் அப்போதே சித்தப்பா வீட்டுக்குப் போனோம்.

சித்தி கதவைத் திறந்தாள். "உப்பு போதுமான்னு கேட்டாக்கூடத் தலையைத்தான் ஆட்டுறார்" என்று என் காதில் சொன்னாள். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

அப்பா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தம்பி, நீ இல்லடா. இந்த எழவெடுத்த போன்தான்டா ஒட்டுக்கேட்டிருக்கு."

நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

"இல்லண்ணே, நான்தான்" என்றார்.

"என்னடா சொல்ற?"

"நீ யோசிக்கச் சொன்னேல்ல? யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஞாபகம் வந்துடுச்சு. அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பறப்ப பஸ்ல ஒருத்தர்கிட்ட சொன்னேன். முன் சீட்ல சூப்பர்வைசர் இருந்தான். நீலச் சட்டை."

"அன்னைக்கு நீங்க பஸ்லயே போகல சித்தப்பா! அப்பாதான் சைக்கிள்ல கொண்டுவந்து விட்டார்!" கத்திவிட்டேன்.

சித்தப்பா என் தலையைத் தடவினார். "பாப்பாவுக்கு என்மேல உசுருண்ணே. எனக்காக என்னென்னமோ கண்டுபிடிச்சுட்டு வந்திருக்கா. அவளைத் திட்டாத."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"அழாதண்ணே" என்றார் சித்தப்பா. "இனிமே நான் யார்கிட்டயும் பேச மாட்டேன்."