ஆங்கெலுக்கான கோதுமை

வெத்தூரியா ருமேனிய நகரமான திமிஷோராவுக்கு வந்தது ஒரே ஒரு கேள்வியோடு. அவளுடைய ஆறு வயதில் அவளை விட்டுப் போன அப்பா ஆங்கெல், இந்த ஊரில் வாழ்ந்த முப்பது வருஷத்தில், தனக்கொரு மகள் உண்டு என்று யாரிடமாவது சொன்னாரா? அவர் சாவுக்கு அவள் வரவில்லை. வருஷம் நிறைகிற சனிக்கிழமை பார்த்து வந்து இறங்கினாள். மெழுகுவத்தி ஏற்ற அல்ல, கேட்கத்தான் என்று ரயிலில் தனக்குத்தானே ஐந்தாறு தடவை சொல்லிக்கொண்டாள். நான்கு மணிக்குத் திரும்பும் ரயில்.

டிராம் நிறுத்தத்தில் ரொட்டிக்காரி முன்னால் நின்றவரிடம் ஹங்கேரியனும், அடுத்தவரிடம் செர்பியனும், இவளிடம் ருமேனியனும் பேசினாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு முகம் காட்டினாலும் யாரும் கேட்காத இப்படிப்பட்ட ஊர் அப்பாவுக்குத் தோதுதான் என்று நினைத்தபடி இவள் ரொட்டியைக் கடித்தாள்.

அவர் குடியிருந்த வீட்டின் முற்றத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு ஹங்கேரியக்காரி பிரோஸ்கா, மாடியில் இருக்கும் ஜெர்மன் கிழவர் ஹெல்மூத். ஆங்கெலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று இவள் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள்.

"ஆங்கெலா? புறாவை ஜெர்மன்ல திட்டுவான், இவளை ஹங்கேரியன்ல கொஞ்சுவான்" என்றார் ஹெல்மூத்.

"சும்மா இரு கிழவா. செத்தவன் மேல பழி போடாதே."

"பழி இல்ல தாயே, பொறாமை."

"பிள்ளைகுட்டி பத்தி ஏதாவது சொல்வாரா?" என்று வெத்தூரியா கேட்டாள்.

"மூச்சு விட மாட்டான். கேட்டா ஏதாவது ஜோக்கடிச்சிட்டுப் போயிடுவான்" என்றாள் பிரோஸ்கா.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நாலு பாஷை தெரிந்த மனுஷனுக்கு இதைச் சொல்ல ஒரு பாஷைகூடக் கிடைக்கவில்லை. வெத்தூரியாவுக்கு வலித்தது. அழுகை மட்டும் வரவில்லை, அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே? இரு கண்ணு" என்று உள்ளே போன பிரோஸ்கா ஒரு பெரிய கிண்ணமும் கரண்டியும் தட்டுமாக வந்தாள். வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரையும் அக்ரூட்டும். "செத்தவங்க வருஷத்துக்குச் செய்யுற இது எங்க சபையில கிடையாது. கீழ்வீட்டு செர்பியக்காரி த்ராகின்யாகிட்ட பக்குவம் கேட்டு வேகவெச்சேன். அவதான் உங்க ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்கு எடுத்துட்டுப் போய் மந்திரிச்சுக் கொண்டுவந்தா. அவனுக்குன்னு யாரும் இல்லையே, நாங்கதானே செய்யணும்? இந்தா, வாங்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லு."

வெத்தூரியாவுக்கா தெரியாது? வாங்குகிறவர் 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் போனவருக்குப் போய்ச் சேரும். கொடுப்பது வீட்டார், வாங்குவது வேற்றார்.

கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பிரோஸ்கா நீட்டிய தட்டு நீட்டியபடியே இருந்தது. வெத்தூரியா பையைக் கீழே வைத்தாள். தட்டை வாங்காமல் அவள் கையிலிருந்த கிண்ணத்தையும் கரண்டியையும் வாங்கினாள்.

"நீங்க உட்காருங்க. இதை நான்தான் கொடுக்கணும்."

"நீ எதுக்கும்மா?"

"நான் அவர் மகள்."

பிரோஸ்கா தட்டோடு உட்கார்ந்தாள். "அவன் சொல்லவே இல்லையேம்மா" என்றாள், தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

"தெரியும்" என்று வெத்தூரியா ஒரு கரண்டி அள்ளி அவள் தட்டில் வைத்தாள். "நீங்க அந்த வார்த்தையைச் சொல்லுங்க."